தேசம்மாள் அவிழ்க்காத கயிறு

கோரைத்திட்டு என்கிற ஊர் தன் இடத்தைவிட்டுக் கிளம்பிப் போன அன்றைக்குக் காலையில், தேசம்மாளுக்கும் அவள் புருஷன் மலைமேகுவுக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. இந்த இரண்டில் எது பெரிய விஷயம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். ஏனென்றால் ஊர் நகர்ந்தது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது, தேசம்மாள் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் கடைசிவரை ஒருத்தருக்கும் பழகவில்லை.

உப்பு ஏரிக்கு நட்டநடுவில் நாற்பத்தாறு வீடு, ஒரு கங்கையம்மன் கோவில், ஐந்து வகுப்பும் ஒரே அறையில் நடக்கிற பள்ளிக்கூடம், செவ்வாய்க்கிழமை திறப்பதாகச் சொல்லப்படுகிற ரேஷன் கடை, இவ்வளவுதான் கோரைத்திட்டு. பஸ் ஏற வேண்டுமென்றாலும், பல் பிடுங்க வேண்டுமென்றாலும், கெட்டுப்போன மிக்ஸியைப் பாஷாவிடம் காட்ட வேண்டுமென்றாலும் கரையில் இருக்கிற காரனூருக்குத்தான் போக வேண்டும், அதற்குக் கழி ஊன்றிப் போனால் முக்கால் மணி நேரம், காற்று எதிர்த்தால் ஒன்றரை மணி நேரம். பாலம் கேட்டு முப்பது வருஷமாக மனு எழுதி எழுதி, ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த மனுவை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஏரியில் இறால் பிடிக்க ஒரு முறை உண்டு. நல்ல இடம் ஒன்றே ஒன்று. ஊருக்குத் தெற்கே, ஆழம் இடுப்பளவு இருக்கிற ஓடையில் நாலு கருவேலந் தறி ஊன்றியிருப்பார்கள், வலையை அதில்தான் கட்ட வேண்டும். பட்டியலில் பெயர் உள்ள பன்னிரண்டு பேருக்கு நாள் வைத்து முறை. முறைநாளில் பெயர் உள்ளவன்தான் தன் கையால் படகை ஓட்டிக்கொண்டு, சூரியன் தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரம் ஏறுவதற்குள் தறிக்குப் போய்ச் சேர வேண்டும். அவன் படகில் கூட யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம், ஆனால் கழியைத் தொடக்கூடாது. வேறு படகு கூப்பிடு தூரத்துக்குள் வந்தால் அந்த முறை செல்லாது. எஞ்சின் கூடாது, அந்தச் சத்தத்துக்கு இறால் ஓடிவிடும். தறிக்குப் போகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, தறியில் இருக்கும்போது யாரும் பேசக்கூடாது. மூன்று முறை தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், போன பெயர் திரும்ப ஏறியதாகச் சரித்திரமே இல்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று. தறிக்குப் போகிற படகின் கயிற்றை ஆண்பிள்ளை தொடமாட்டான். துறையில் நிற்கிற பனந்தூணிலிருந்து அவன் பெண்சாதிதான் அதை அவிழ்த்துச் சுருட்டிப் படகுக்குள் போடுவாள். தன் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு போனவன் திரும்பி வரமாட்டான் என்பது ஊர்க் கணக்கு. பத்தொன்பது வருஷமாகத் தேசம்மாள் அந்தக் கயிற்றை அவிழ்த்திருக்கிறாள். ஆனால் அந்த நாலு தறியை ஒருநாளும் பார்த்ததில்லை. படகில் ஏறலாம் என்றுதான் விதி சொல்கிறது, எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. கயிற்றை எறிந்துவிட்டு, படகு சிறுத்துக்கொண்டே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரைக்கும் நிற்பாள், அப்புறம் போய் உலை வைப்பாள்.

போன மாதம் படகைக் கரையேற்றும்போது மலைமேகுவின் வலது தோளில் ஏதோ பட்டென்று விட்டுப்போனது. பெரியாஸ்பத்திரி டாக்டர் சவ்வு கிழிந்திருக்கிறது என்று படத்தைக் காட்டிச் சொன்னார், இனிமேல் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்றார். வலையை இடுப்புக்குக் கீழேயே வைத்து இழுத்துவிடலாம். கழி ஊன்றுவதற்குத்தான் கை தலைக்கு மேலே போக வேண்டும். அடுத்து வந்த இரண்டு முறைநாளிலும் அவன் துறை வரைக்கும் வந்து, கழியைத் தூக்கிப் பார்த்து, பல்லைக் கடித்து, மறுபடி கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஊர்த்தலைவர் ஏகாம்பரம் இரண்டு தடவையும் தன் நோட்டில் ஒரு கோடு போட்டார். அவர் கெட்டவர் இல்லை. பட்டியல் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளைக்கும் கோடு போடுவார், போட்டும் இருக்கிறார்.

சண்டை வந்தது இதில்தான். ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் தேசம்மாள் சொன்னாள்.

"பேரு போனா போவுது, வுடு. காரனூர் ஐஸ் கம்பெனில வாச்மேன் வேல கீதாம். குந்திக்கினே பாக்கலாம். கை மிஞ்சுனா போதும் எனக்கு."

அவள் சொன்னது அக்கறையில்தான். ஆனால் மலைமேகு, சோற்றுக் கையோடு அவளை நிமிர்ந்து பார்த்து, "வாச்மேனா?" என்று மட்டும் கேட்டான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவன் அவளிடம் பேசவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு. ஒருத்தருக்கொருத்தர் சொல்ல வேண்டியதையெல்லாம் வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னார்கள். "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்று அவள் ஆட்டிடம் சொல்லுவாள், "பசிக்கலன்னு சொல்லு" என்று அவன் ஆட்டிடம் சொல்லுவான், ஆடு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அசைபோடும்.

நாலாம் நாள் அவன் அடுத்தவர் தோணியில் ஏறிக் காரனூருக்குப் போனான். கரையில் நிறுத்தி வைத்திருந்த மொபெட்டைப் பாஷாவிடம் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாகப் படகுக்குப் போடுகிற கரண்ட் மோட்டார் ஒன்றையும் ஒரு பெரிய பேட்டரியையும் அதே தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிற யாரோ ஒரு பணக்காரர் வேண்டாமென்று தள்ளியது அது. ஒல்லியாக ஒரு குழாய், மேலே ஒரு கைப்பிடி, கீழே ஒரு சின்னக் காத்தாடி. கூடவே பாஷாவும் வந்தான். காரனூரில் பேன், மிக்ஸி, இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் அவன்தான் வைத்தியம்.

பொருத்துவதற்கு மூன்று நாள் ஆனது. கோரைத்திட்டுப் படகுகள் இரண்டு பக்கமும் கூராக இருக்கும், மோட்டாரின் பிடியைத் திருகுவதற்குத் தட்டையான பின்பக்கமே கிடையாது. மலைமேகு வாகைப் பலகை ஒன்றை அறுத்து, இரண்டு மரக்கட்டை முட்டுக்கொடுத்து, ஆறு போல்ட்டில் படகின் பின்முனையில் நிற்க வைத்தான். அதில் மோட்டாரின் இரண்டு திருகையும் கைவலிக்கும்வரை முடுக்கினான். காத்தாடி தண்ணீருக்குள் முழுசாக முழுக வேண்டும், ஆனால் சேற்றைத் தொடக்கூடாது. அதனால் குழாயை ஒன்றரை அடிக்கு ஏற்றி நிறுத்தினான். பேட்டரியை மீன்பெட்டிக்குள் வைத்து, பின்னாலேயே வைத்தால் படகு குந்திக்கொள்ளும் என்று முன்பக்கமாகத் தள்ளிக் கட்டினான்.

"செவப்பு வயரு கூட்டல் குறில, கறுப்பு கழித்தல்ல. நடுவுல இந்த ஃபியூசு. மாத்திக் குத்திட்டீன்னா உள்ள போர்டு பொகஞ்சிடும், அப்புறம் என்னாண்ட வராத" என்றான் பாஷா. "இது எஞ்சின் மாதிரி கத்தாதுண்ணே. ஓடுதா இல்லியான்னு தண்ணியப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்."

துறையில் கூடியிருந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"இன்னாடா இது, மோர் கடையற மத்தா?"

"ஆமா" என்றான் மலைமேகு. "ஏரியக் கடையப் போறேன்."

ஏகாம்பரம் வந்து, குனிந்து பார்த்து, எஞ்சின் என்பது சத்தம் போடுவது, இது சத்தம் போடாது, ஆகவே இது எஞ்சின் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்து மாடியில் இருந்த சூரியத் தகட்டில் பேட்டரியை இரண்டு நாள் சார்ஜ் போட்டார்கள். படகில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை, கோவில் அண்டாவில் தண்ணீர் ரொப்பி அதில் விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் சுற்றியது. பாஷா கையைத் துடைத்துக்கொண்டு காரனூருக்குத் திரும்பினான்.

இதையெல்லாம் தேசம்மாள் வீட்டு வாசலில் இருந்தபடியே, பார்க்காதவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறைநாள் வந்தது. கிழக்கு வெளுக்கும்போது மலைமேகு வலையை ஏற்றிக்கொண்டு, படகில் மோட்டாருக்குப் பக்கத்தில், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தேசம்மாள் பனந்தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வருவதற்கு அவள் தவறவில்லை. ஆனால் கயிற்றில் கை வைக்கவில்லை. 'அவுத்துடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அவிழ்க்கிறேன் என்று நின்றாள். அவனோ, பத்தொன்பது வருஷமாக அவிழ்க்கிறவளுக்குப் புதுசாகச் சொல்ல வேண்டுமா என்று உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பத்து பாகம் நீளத்துக்குக் கயிறு தண்ணீரில் தொய்ந்து கிடந்தது. சூரியனின் மேல்விளிம்பு தெரிந்ததும், அவள் அவிழ்த்துப் போட்டிருப்பாள் என்று தனக்குத் தானே முடிவு கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், கைப்பிடியை அஞ்சாம் நம்பருக்குத் திருகினான்.

கயிறு தண்ணீரைவிட்டு எழுந்தது, சொட்டியது, விறைத்தது. பனந்தூணைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று தேசம்மாள் நினைத்தாள். ஆனால் தூண் அசையவில்லை, முடிச்சு நழுவவில்லை, கயிறு அறவில்லை. படகு போய்க்கொண்டுதான் இருந்தது, தண்ணீர் இரண்டு பக்கமும் கிழிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் படகு சிறுக்கவில்லை. எப்போதும் இந்நேரத்துக்குக் கட்டைவிரல் அளவுக்கு ஆகிவிடுகிற புருஷன், அன்றைக்கு சட்டையில் கிழிந்த தையல் தெரிகிற தூரத்திலேயே இருந்தான். அப்போதுதான் அவள் காலடியைப் பார்த்தாள். கரையோரத்துக் கோரையெல்லாம் தண்ணீரைக் கீறிக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தது.

ஊர் நகர்ந்ததில் ஒரு சொட்டுப் பாலும் சிந்தவில்லை. வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்த ஏகாம்பரம், காரனூர்க் கோபுரம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் மறைவதைப் பார்த்தார், வாயைக் கொப்பளித்தார், துறைக்கு வந்தார். அதற்குள் பாதி ஊர் அங்கே வந்திருந்தது. யாரும் பதறவில்லை. நாம போறோமா, ஏரி வருதா என்று இரண்டு பேர் விவாதித்தார்கள். வாத்துகள் நீந்திச் சலித்துக் கரையேறி ஊரோடு உட்கார்ந்துகொண்டன. மலைமேகு தறியை அடைந்து, மோட்டாரை நிறுத்தி, வலையை எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தான். கூப்பிடு தூரம் என்ன, துப்பினால் படுகிற தூரத்தில் நாற்பத்தாறு வீடும் நின்றுகொண்டிருந்தது.

"மலைமேகு" என்றார் ஏகாம்பரம். "கயிறு."

சூரியன் ஓர் ஆள் உயரம் ஏறவில்லை. வந்து சேர்ந்துவிட்டான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் தறிக்குள் மொத்த ஊரும் நுழைந்திருந்தது, பேச வேறு பேசியது. ஏகாம்பரம் நோட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இது வந்ததாகவும் சேராது, வராததாகவும் சேராது, முறை செல்லாது, சுற்று முடிந்து பன்னிரண்டாம் நாள் மறுபடி வரட்டும், அன்றைக்குத் தவறினால் பெயர் இல்லை என்றார். மலைமேகு நனையாத வலையை, நனைந்த வலையைக் காயப்போடுகிற மாதிரியே பொறுமையாக உதறி மடித்தான். தேசம்மாள் அதைப் பார்த்துவிட்டு நேராகக் கோவிலுக்குப் போனாள். ஐஸ் கம்பெனி வேலை கிடைக்கட்டும் என்று கங்கையம்மனுக்கு நேர்ந்துகொண்டவள் அவள்தான். இப்போது அந்தப் பெயர் போய்விடக்கூடாதே என்று அதே அம்மனிடம் நேர்ந்துகொண்டாள், முதல் வேண்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் தெளிவாகச் சொன்னாள்.

பாஷாவை வரவழைத்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படகை மட்டும் ஓட்டிப் பார்த்தால், காத்தாடி சுற்றுகிறது, நுரை எழும்புகிறது, படகு ஒரு விரற்கடை நகரவில்லை. கயிற்றைக் கட்டினால் ஊரோடு போகிறது.

"வயரு கரெக்ட்டு, ஃபியூசு கரெக்ட்டு" என்றான் பாஷா. "ஊரு இல்லாம போவ மாட்டேங்குது, அவ்ளோதான். இந்தக் கம்ப்ளெய்ண்ட் நான் இதுக்கு மின்ன பாத்ததில்லண்ணே."

காரணம் கேட்டவர்கள் அதோடு சரி. மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்தது, ஊரை எங்கே நிறுத்துவது என்று முடிவு பண்ண வேண்டியிருந்தது. பழைய இடத்திலேயே விடச் சொன்னவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் காரனூரில் தங்கள் மாமியார் இருக்கிறவர்கள். மற்ற எல்லோரும் சேர்ந்து சொல்ல, மறுநாள் மலைமேகு கோரைத்திட்டைக் காரனூர்க் கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். இடையில் ஒரு ஆறடித் தண்ணீர் மிச்சமிருந்தது. முப்பது வருஷம் பாலம் கேட்ட ஊருக்கு ஒரு பலகை போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தது. வாத்தியார், தோணி கிடைக்கவில்லை என்று சொல்லி ஒன்பதரைக்கு வர முடியாமல், ஒன்பதுக்கே வந்து வாடிய முகத்தோடு உட்கார்ந்தார். கேஸ் சிலிண்டர் பலகைமேல் உருண்டு வந்தது. காரனூர்க்காரர்கள் முதல் இரண்டு நாள், தங்கள் காற்றைத் திட்டு மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள், மூன்றாம் நாள் பலகைமுனையில் டீக்கடை போட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தோடு வந்து, ஊர் முன்பு எங்கே இருந்தது என்று கேட்டார். எல்லோரும் தண்ணீரைக் காட்டினார்கள். அவர் வெயிலுக்குக் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மேற்படி கிராமம் நேரில் பார்வையிடப்பட்டது, உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

மலைமேகுவுக்குத்தான் ஊரில் ஏகப்பட்ட மரியாதை. கொஞ்சம் இடது பக்கமா தள்ளு, எங்க வீட்டுத் துணி காயல என்று கேட்டு வந்தார்கள், அவனும் தள்ளிவிட்டான். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது ஆட்டிடம் மட்டும் ஒன்று சொன்னான். "ஊர இஸ்துக்கினு போறவனுக்கு, தன் தறிக்குப் போவ வழியில்ல." தேசம்மாள் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வழியில்லைதான். ஊரோடு போனால் முறை செல்லாது. ஊரில்லாமல் படகு போகாது. போதாக்குறைக்கு, பன்னிரண்டாம் நாள் காலையில் ஊரில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் வேன் வைத்துப் பலகைவரை வருகிறார்கள், முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. அந்த நேரத்தில் ஊரை நடு ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போக யார் சம்மதிப்பார்கள்? முதல்நாள் சாயங்காலம் கங்கையம்மன் கோவில் முன்னால் பட்டியல்காரர்கள் கூடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு, தனக்கும் மலைமேகுமேல் வருத்தம்தான், ஆனால் முகூர்த்தம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். ஏகாம்பரம் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

பட்டியல் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. தேசம்மாள் பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து நடுவில் வந்து நின்றாள். மலைமேகு நிமிர்ந்து பார்த்தான்.

"கயிறு அவுக்கறது யாரு வேல?" என்று கேட்டாள்.

"இன்னாம்மா தேசம்மா, இது தெரியாதா?" என்றார் ஏகாம்பரம். "பொஞ்சாதி வேல."

"நான் அவுக்கல. வேணும்னுதான் அவுக்கல. ஒரு வார்த்த கேக்கட்டும்னு நின்னேன். தப்பு என்னுது. அவரு பேர அடிக்காதீங்க, தலைவரே."

"தப்பு யாருதுன்னு நோட்ல எழுத எடமில்லம்மா. வந்தானா இல்லியா, அவ்ளோதான் கீது."

"சரி, அப்ப அந்த நோட்ட வெச்சே கேக்கறேன். தறிக்கு அவரு படகுல கூட ஆளு வந்தா முறை போவுமா?"

"போவாது. படகுல வரலாம். கழியத் தொடக்கூடாது."

"வேற படகு வந்தாத்தான் போவும்."

"ஆமா."

"நாம வேற எந்தப் படகுல போனோம்?"

ஏகாம்பரம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரு படகுல கட்டிக் கீற கயித்துலதான் கோவிலு கீது, ஸ்கூலு கீது, நீங்க கீறீங்கோ. அவரு போனா போறோம், நின்னா நிக்கறோம். தனியா ஒரு கழி யாராச்சும் ஊனுனோமா? ஒரு துடுப்பு போட்டோமா? அவரு படகுல ஏறிக்கினு போனவங்க நாம. வேற ஆளு இல்ல."

ஏகாம்பரம் இரக்கத்துக்கு மசிகிறவர் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதியை விதியால் தொட்டால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், அதுவும் எல்லோருக்கும் தெரியும். நோட்டை மூடி, வெற்றிலை மடித்து, அது வாயில் கரைகிற வரைக்கும் யோசித்தார். பிறகு துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஊரு படகுல சேத்தி" என்றார். "ஆனா ஒண்ணு. படகுல ஏறுனவன் தறியில பேசக்கூடாது. ஒருத்தர் பேசுனாலும் முறை போச்சு. தும்மக்கூட கூடாது."

மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். "அப்ப கல்யாணம்?"

"பண்ணு. யாரு வேணாங்கறது? பேசாம பண்ணு."

மறுநாள் கோரைத்திட்டு விடியும்போதே தயாராகிவிட்டது. பெண் வீட்டாரை இருட்டு விலகுவதற்கு முன்பே ஏற்றிக்கொண்டு பலகையை எடுத்தார்கள். சேவல்களைக் கூடைக்கு அடியில் கவிழ்த்து மேலே சாக்கு போட்டார்கள். செல்போன்களையெல்லாம் வாங்கிக் கோவில் உண்டியலுக்குப் பக்கத்தில் அணைத்து வைத்தார்கள். கைக்குழந்தைகள் எல்லாம் அம்மா மாரில் இருந்தன. நாகஸ்வரக்காரர் குழலை மடியில் கிடத்தி, அது தானாக ஊதிவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஷா முந்தின நாளே வந்து பேட்டரித் தண்ணீர் பார்த்து, வயரைத் தொட்டுப் பார்த்து, இதைப் பார்க்காமல் போவதா என்று ஊரிலேயே தங்கிவிட்டான்.

தேசம்மாள் துறைக்கு வந்தாள். பத்தொன்பது வருஷத்துப் பழக்கத்தில் கை முடிச்சுக்குப் போனது. அவிழ்ப்பதற்குப் பதிலாக அதை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. இன்னொரு சுற்றுப் போட்டு இறுக்கினாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஆனால் காது பின்னால் இருந்தது அவளுக்குத் தெரிந்தது.

"கட்டிக் கீது" என்றாள். "போ."

அது அவள் அவனிடம் இருபத்து மூன்று நாளில் சொன்ன முதல் வார்த்தை. அவன் கைப்பிடியைத் திருகினான். கயிறு எழுந்து விறைத்தது. ஊர் கிளம்பியது.

அவ்வளவு பேர் அவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததை அந்த ஏரி அதற்கு முன்னால் கேட்டதில்லை. கோரை தண்ணீரைக் கீறுகிற ஓசை மட்டும் இருந்தது. சூரியன் எட்டிப் பார்க்கும்போது தறிகள் தெரிந்தன. போன தடவை புருஷனையே பார்த்து நின்றதில் தறியைக் கவனிக்காத தேசம்மாள், இப்போது பனந்தூணைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று பார்த்தாள். நாலு கருவேலங்கட்டை. ஒன்றின் தலையில் காக்கை எச்சம். சுற்றிலும் தண்ணீர். பத்தொன்பது வருஷமாக அவள் கயிற்றை எறிந்துவிட்டு நின்றது இந்த நாலு கட்டைக்குத்தானா என்று முதலில் தோன்றியது. பிறகு, கை முழுசாகத் தூக்க முடியாத அந்த மனுஷன் இடது கையால் ஒவ்வொரு கட்டையையும் தொட்டுத் தொட்டு, பழக்கமான மாட்டைத் தடவுகிற மாதிரி தடவி, வலையைக் கட்டுவதைப் பார்த்தாள். இதை வாச்மேன் வேலைக்குக் கொடுத்துவிடச் சொன்னோமே என்று அவமானமாக இருந்தது. உடனே அதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. இருபத்து மூன்று நாள் பேசாமல் இருந்தவளுக்கு அன்றைக்குத்தான் வாய் நிறைய வார்த்தை வந்தது, அன்றைக்குத்தான் பேசக்கூடாது.

கோவில் பக்கம் தாலி கட்டினார்கள். கெட்டிமேளத்துக்கு ஒருத்தர் விரலை மட்டும் ஆட்டினார், தவில்காரர் தன் தொடையில் துணியை மடித்துப் போட்டுக்கொண்டு அதன்மேல் வாசித்தார். அட்சதை விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஏகாம்பரம் துறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணில் சூரியனையும் ஒரு கண்ணில் ஊரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலை கட்டி முடித்தது. சூரியன் இன்னும் ஓர் ஆள் உயரம் ஏறவில்லை. தேசம்மாள் கயிற்றைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல், இரண்டு தரம் இழுத்தாள். படகில் உட்கார்ந்திருந்த மலைமேகுவுக்கு அது போய்ச் சேர்ந்தது. தறிக்குப் போனவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, ஆனால் அவன் போகும்போது பார்க்கவில்லை, வந்து சேர்ந்துவிட்டான், ஆகவே பார்க்கலாம் என்று அவனும் ஒரு விதி கண்டுபிடித்திருக்க வேண்டும். திரும்பினான். அவளைப் பார்த்தான். தறியிலிருந்து அவன் அவளைத் தேடிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவள் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை, ஆட்டிடம்கூட.

அவன் நல்ல கையால் கயிற்றைப் பிடித்து, பதிலுக்கு ஒரே ஒரு தரம், சின்னதாக இழுத்தான்.

கோரைத்திட்டு லேசாக ஒருமுறை ஆடியது. நாற்பத்தாறு வீட்டுப் பரணிலும் அடுக்கி வைத்திருந்த தூக்கு, தவலை, சொம்பு, டம்ளர் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக் கலகலவென்று ஒரு தடவை ஒலித்து அடங்கின. கூடைக்கு அடியில் சேவல் ஒன்று திடுக்கிட்டது, கூவவில்லை. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தாள்.

ஏகாம்பரம் படகைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தேசம்மாளின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து மலைமேகுவின் பெயருக்கு நேராக வந்தான் என்று எழுதினார். அந்தச் சத்தம் யார் போட்டது என்று கேட்கவில்லை. அவரும் பேசக்கூடாது அல்லவா.